விற்பனைக்கு ஒரு பழைய ஸ்பானிய மோபெட்: விளம்பரத்தை எப்படிச் சோதிப்பது?

மாணவர்களே, ஸ்பெயினில் பழைய வாகனங்களைச் சேகரிப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காக வரும் விற்பனை விளம்பரம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். "மோபிலெட் மோபெட். 1960களில் செய்தது. 49 சிசி. இன்ஜின் சுழல்கிறது. பல ஆண்டுகள் உலர்ந்த கொட்டகையில் நின்றது. வண்ணம் அசல்." கூடவே, தூசி படிந்த மெலிந்த வண்டி ஒன்றின் படம். முதல் பார்வைக்கு, பெரிய சைக்கிளில் யாரோ ஓர் இன்ஜினைத் தொங்கவிட்டது போல இருக்கும்.

இந்த விளம்பரத்தில் நான்கு கூற்றுகள் உள்ளன: 49 சிசி, சுழலும் இன்ஜின், உலர்ந்த கொட்டகை, அசல் வண்ணம். நான்கையும் சோதித்துப் பார்க்கலாம். அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். உங்கள் பாடநூலில் உள்ள இயற்பியலும் வேதியியலுமே பெரும்பாலும் போதும். விற்பவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. தாத்தா விட்டுச் சென்ற வண்டியாக இருந்தால், உண்மை நிலை அவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஆனால் பணம் கொடுப்பவர் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சோதனைகள் அனைத்தையும் வண்டியைக் கழுவும் முன்பே செய்ய வேண்டும். துரு எங்கே பிடித்திருக்கிறது, எண்ணெய் எங்கே கசிந்து காய்ந்திருக்கிறது, வண்ணம் எந்த ஓரத்தில் தேய்ந்திருக்கிறது என்பவை எல்லாம் தடயங்கள். வாங்குபவர் கேட்கிறாரே என்று அன்போடு தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுப்பவர், அந்தத் தடயங்களை அழித்துவிடுகிறார்.

துப்பாக்கி ஊரின் சைக்கிள்

மோபெட் என்ற சொல்லே ஒரு கலவைதான். மோட்டார், பெடல் என்ற இரண்டு சொற்களின் தலைப்பகுதிகளைச் சேர்த்து 1950களில் சுவீடனில் உருவாக்கினார்கள். நம் சாலைகளில் ஓடும் கப்சாய் மோட்டார் சைக்கிள்களில் பெடல் கிடையாது. அந்தக் கால மோபெட்டில் உண்டு. இன்ஜினை உயிர்ப்பிக்க பெடலை மிதிக்க வேண்டும். மேட்டில் இன்ஜின் திணறினால் மிதித்துக் கைகொடுக்க வேண்டும். பெட்ரோல் தீர்ந்துவிட்டால், இன்ஜினின் தொடர்பைத் துண்டித்துவிட்டு வெறும் சைக்கிளாகவே வீட்டுக்கு ஓட்டிச் செல்லலாம்.

மோபிலெட்டை வடிவமைத்தது பிரான்சின் மோட்டோபெக்கான் நிறுவனம். 1949இல் அது அறிமுகமானது. ஸ்பெயினில் உரிமம் பெற்று அதைத் தயாரித்தது, வட ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் உள்ள எய்பார் நகரத்து நிறுவனமான ஜிஏசி. இந்த நிறுவனத்தின் பழைய தொழில் என்ன தெரியுமா? துப்பாக்கி செய்வது! முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் இராணுவத்துக்கே ரிவால்வர்கள் செய்து கொடுத்த நிறுவனம் இது. எய்பார் பல தலைமுறைகளாகத் துப்பாக்கி செய்த ஊர். போர் முடிந்து துப்பாக்கிக்கான தேவை விழுந்தபோது, அங்குள்ள பட்டறைகள் வேறு பொருள்களைத் தேடின. சில தையல் இயந்திரத்துக்கு மாறின. ஓர்பேயா, பிஎச், ஜிஏசி போன்றவை சைக்கிளுக்கு மாறின. துப்பாக்கிக் குழலைத் துல்லியமாகக் கடைந்து, உருக்கி இணைக்கத் தெரிந்த கைகளுக்கு சைக்கிள் சட்டத்தின் குழாய்கள் அந்நியமாக இருந்திருக்காது. சைக்கிளிலிருந்து மோபெட்டுக்கு இன்னும் ஓர் அடிதான்.

1950களின் ஸ்பெயின் ஏழ்மையான நாடு. உள்நாட்டுப் போரின் பாதிப்பிலிருந்து நாடு இன்னும் முழுதாக மீளவில்லை. வெளிநாட்டுப் பொருள்களை இறக்குமதி செய்யக் கடும் கட்டுப்பாடு இருந்தது. கார் என்பது பெரும்பாலோருக்கு எட்டாக் கனி. அதனால் உரிமம் பெற்று உள்நாட்டிலேயே செய்த சிறு வாகனங்கள் தொழிலாளர்களின் கால்களாயின. பிற்பாடு இவை இளையர்களின் வாகனமாகவும் மாறின. ஸ்பெயினில் 2010 வரை 14 வயதிலேயே மோபெட் ஓட்ட அனுமதி இருந்தது. இப்போது 15. இன்று அறுபது, எழுபது வயதில் இருக்கும் ஸ்பானியர் ஒருவர் இந்த வண்டிக்கு ஏன் இத்தனை ஆசைப்படுகிறார் என்பது இதிலிருந்து ஓரளவு புரியும்.

மோபிலெட்டின் உறவினர் ஒருவர் தமிழர்கள் பலருக்கும் தெரிந்தவர். மோட்டோபெக்கானின் உரிமத்தில்தான் இந்தியாவில் சுவேகா மோபெட் தயாரானது. 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வருவதற்கு முன்பே, தமிழ்நாட்டுச் சாலைகளில் சுவேகா ஓடியது. உங்கள் தாத்தா பாட்டி யாராவது அங்கே இருந்திருந்தால் கேட்டுப் பாருங்கள்.

முதல் கூற்று: 49 சிசி

சிசி என்றால் கன சென்டிமீட்டர். பிஸ்டன் மேலிருந்து கீழே ஒரு முறை நகரும்போது கடக்கும் கன அளவு அது. நீள்உருளையின் கன அளவுக்கான சூத்திரம் உங்களுக்குத் தெரியும்: பை, ஆரத்தின் வர்க்கம், உயரம் ஆகிய மூன்றின் பெருக்கம். மோபிலெட்டின் பரவலான இன்ஜினில் சிலிண்டரின் உள்விட்டம் 39 மில்லிமீட்டர்; பிஸ்டன் நகரும் தூரம் 41.8 மில்லிமீட்டர். சென்டிமீட்டரில் போட்டால், 3.1416 × 1.95 × 1.95 × 4.18. விடை 49.9.

ஏன் 50ஐத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது? சட்டம்தான் காரணம். 50 சிசிக்கு மேல் போனால் அது மோபெட் அல்ல, மோட்டார் சைக்கிள். உரிமம், வரி, வயது எல்லாம் மாறிவிடும். பொறியாளர்கள் வேலிக்கு ஒட்டியே வீட்டைக் கட்டியிருக்கிறார்கள்.

இப்போது சோதனைக்கு வருவோம். ஸ்பானிய இளையர்கள் மோபெட்டின் வேகத்தைக் கூட்ட, பெரிய சிலிண்டரை மாட்டுவது அந்தக் காலத்தில் சர்வ சாதாரணம். உள்விட்டத்தை 39இலிருந்து 44 மில்லிமீட்டராக மாற்றினால் கன அளவு என்னவாகும்? நீங்களே கணக்கிடுங்கள். சுமார் 63.6 வரும். விட்டம் எட்டில் ஒரு பங்கு கூடினால் கன அளவு நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடுகிறது, ஆரம் வர்க்கமாக வருவதால். எனவே வாங்குபவர் ஸ்பார்க் பிளக் துளை வழியே எட்டிப் பார்ப்பதோடு நின்றுவிடக்கூடாது. சிலிண்டரின் மூடியைக் கழற்ற விற்பவர் சம்மதித்தால், வெர்னியர் அளவுகோலால் உள்விட்டத்தை அளக்கலாம். அளவு 39ஐ விடச் சற்றே கூடியிருந்தால், தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்திருக்கிறார்கள் என்று பொருள். அது குற்றமில்லை. நிறையக் கூடியிருந்தால், அது வேறு கதை.

இரண்டாம் கூற்று: இன்ஜின் சுழல்கிறது

நான்கு கூற்றுகளில் அதிகப் பணத்தை விழுங்கக்கூடியது இதுதான். அதனால் இங்கே சற்று நிற்போம்.

மோபிலெட்டில் இருப்பது இரண்டு வீச்சு இன்ஜின். கப்சாய்களில் உள்ள நான்கு வீச்சு இன்ஜினுக்குக் கீழே எண்ணெய்த் தொட்டி இருக்கும். அந்த எண்ணெய்தான் சிலிண்டரையும் பிஸ்டனையும் வழவழப்பாக வைத்திருக்கும். இரண்டு வீச்சு இன்ஜினில் அந்தத் தொட்டி கிடையாது. பெட்ரோலிலேயே நான்கைந்து விழுக்காடு எண்ணெயைக் கலந்து ஊற்றுவார்கள். பெட்ரோல் உள்ளே போகும்போது எண்ணெயும் கூடவே போகும். எளிமையான ஏற்பாடுதான், ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது.

பாஸ்க் பகுதி மலைப்பாங்கானது. நீண்ட இறக்கத்தில் வண்டி தானாக ஓடுகிறது. ஓட்டுநர் முடுக்கியை மூடிவிடுகிறார். சக்கரம் இன்ஜினைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. ஆனால் முடுக்கி மூடியிருப்பதால் பெட்ரோல் ஏறத்தாழ உள்ளே போவதில்லை. பெட்ரோல் போகாவிட்டால் எண்ணெயும் போகாது! வேகமாகச் சுழலும் இன்ஜின், எண்ணெய்ப் படலம் இல்லாமல் உராய்ந்து சூடாகிறது.

சூடானால் என்ன ஆகும்? பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. பழைய மோபிலெட்களில் சிலிண்டர் வார்ப்பிரும்பு. ஒரு பாகை செல்சியஸ் வெப்பம் கூடும்போது அலுமினியம் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் சுமார் 23 பங்கு விரியும். வார்ப்பிரும்பு சுமார் 11 பங்குதான். 39 மில்லிமீட்டர் பிஸ்டனின் வெப்பம் 150 பாகை கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 39 × 150 × 23ஐப் பத்து இலட்சத்தால் வகுத்தால், பிஸ்டன் 0.13 மில்லிமீட்டர் அகலமாகிறது. சிலிண்டரின் வெப்பம் 100 பாகை கூடினால், அதன் உள்விட்டம் 0.04 மில்லிமீட்டர்தான் கூடும். வித்தியாசம் 0.09 மில்லிமீட்டர். உங்கள் பயிற்சிப் புத்தகத்தின் ஒரு தாளின் தடிமன் அளவு. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே பொறியாளர்கள் விட்டிருக்கும் இடைவெளியும் ஏறத்தாழ அந்த அளவே. இடைவெளி முழுவதும் தீர்ந்துவிட்டால் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் சட்டென்று இறுகி நிற்கும். சில வேளைகளில் ஆறியதும் விடுபட்டுவிடும். ஆனால் சிலிண்டர் சுவரில் நீள நீளமான கீறல்கள் நிலைத்துவிடும்.

இன்ஜின் இறுக இன்னொரு வழி உண்டு. அதற்கு ஓடவே வேண்டியதில்லை, சும்மா நின்றாலே போதும். முப்பது ஆண்டுகள் நிற்கும் வண்டியில் சிலிண்டருக்குள் ஈரக் காற்று புகுந்து, வார்ப்பிரும்புச் சுவர் துருப்பிடிக்கும். துருவின் கன அளவு, அது உண்டான இரும்பின் கன அளவைவிட அதிகம். பிஸ்டன் வளையங்களைச் சுற்றி அது கட்டிக்கொள்ளும்.

எப்படிச் சோதிப்பது? வண்டியை அதன் தாங்கியில் நிறுத்தி, பெடலை மெதுவாகச் சுற்ற வேண்டும். இங்கே ஒரு சூட்சுமம். மோபிலெட்டில் இன்ஜினின் ஆற்றல் ஒரு பெல்ட் வழியாகப் பெடலுக்கு அருகே உள்ள பெரிய கப்பிக்கு வரும். அங்கிருந்து சங்கிலி வழியாகப் பின்சக்கரத்துக்குப் போகும். அந்தக் கப்பியில், இன்ஜினை இணைக்கவும் துண்டிக்கவும் ஒரு பொத்தான் இருக்கும். துண்டித்த நிலையில் பெடலைச் சுற்றினால் பின்சக்கரம் அழகாகச் சுழலும். "பார்த்தீர்களா, எல்லாம் சுழல்கிறது!" என்று விற்பவர் சொல்லலாம். சுழல்வது சைக்கிள், இன்ஜின் அல்ல. இணைத்துவிட்டுச் சுற்றச் சொல்லுங்கள். இன்ஜினின் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை தடை கூடி, பிறகு விட வேண்டும். காற்று அழுத்தப்படுவதால் வரும் தடை அது. அந்தத் தடை உணர்ந்தால் நல்ல செய்தி. எந்தத் தடையும் இல்லாமல் சுழன்றால் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். அசையவே இல்லை என்றால் இன்ஜின் இறுகியிருக்கிறது. அப்போது எட்டி மிதித்துவிடக் கூடாது. வார்ப்பிரும்பு வளையங்கள் எளிதில் ஒடியக்கூடியவை. பிளக் துளை வழியே ஊடுருவும் எண்ணெயை விட்டு, நாள்கணக்கில் காத்திருப்பதே வழி. நுண்ணிய இடைவெளிகளுக்குள் எண்ணெய் தானாக ஏறுவது நுண்புழை ஏற்றத்தால். அறிவியலில் பொறுமைக்கும் ஒரு வேலை இருக்கிறது.

பெல்ட்டைப் பார்க்கும்போது, இன்ஜின் முனையில் உள்ள தானியங்கிக் கிளட்சையும் கவனியுங்கள். கையால் பிடிக்கும் கிளட்ச் நெம்பு இதில் தேவையில்லை. சுழலும் தண்டில், சுருள்வில்லால் உள்நோக்கி இழுக்கப்பட்ட சிறு கட்டைகள் இருக்கும். இன்ஜின் மெதுவாகச் சுழலும்போது வில் வெல்கிறது, கட்டைகள் உள்ளேயே இருக்கின்றன. வேகம் கூடக் கூட அவை வெளியே விரிந்து, சுற்றியுள்ள கிண்ணத்தின் சுவரை உரசிப் பிடித்து அதையும் சுழற்றும். கட்டைகளை வட்டப் பாதையில் வைத்திருக்கத் தேவையான விசை, நிறை, கோணவேகத்தின் வர்க்கம், ஆரம் ஆகியவற்றின் பெருக்கம். வேகம் இரண்டு மடங்கானால் தேவைப்படும் விசை நான்கு மடங்கு. அதனால்தான் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் வில் தோற்றுவிடுகிறது. "மையவிலகு விசை தள்ளுகிறது" என்று பலரும் எழுதுவார்கள். தேர்வில் அப்படி எழுதும் முன் யோசியுங்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அப்படி எதுவும் தள்ளுவதில்லை. நேர்கோட்டில் போக விரும்பும் கட்டையை வளைத்துப் பிடிக்க வில்லுக்குப் போதிய வலு இல்லை, அவ்வளவே. இதே கொள்கையில் இயங்கும் கிளட்ச் கப்சாய்களிலும் இருக்கிறது.

தீப்பொறிக்கு வருவோம். இந்த வண்டிக்கு மின்கலம் தேவையில்லை. இன்ஜினோடு சுழலும் சக்கரத்தில் காந்தங்கள் பதிக்கப்பட்டுள்ளன. உள்ளே கம்பிச்சுருள் அசையாமல் நிற்கிறது. படிவம் 5 இயற்பியலில் நீங்கள் படிக்கும் மின்காந்தத் தூண்டல் இதுதான். சுருளில் மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும் நொடியில், தொடுமுனை ஒன்று சட்டென்று பிரிந்து சுற்றை உடைக்கிறது. காந்தப்புலம் திடீரென்று சரிவதால், இரண்டாவது சுருளில் ஆயிரக்கணக்கான வோல்ட் தூண்டப்பட்டு, பிளக்கில் பொறி தாண்டுகிறது. பல ஆண்டுகள் நின்ற வண்டியில் பொறி வரவில்லை என்றால் பதற வேண்டாம். தொடுமுனையில் ஆக்சைடு படிந்திருப்பதே அடிக்கடி காணும் காரணம். அதைத் துடைப்பது சிறிய வேலை. விளக்கைச் சாக்காகக் கொண்டு விலையைக் குறைக்கச் சொல்பவர்களும் உண்டு: இன்ஜின் மெதுவாக ஓடும்போது முன்விளக்கு மங்குகிறது என்பார்கள். மங்கத்தான் செய்யும். காந்தப்புலம் மாறும் வேகம் குறைந்தால் தூண்டப்படும் மின்னழுத்தமும் குறையும். அது பழுதில்லை.

மூன்றாம் கூற்று: உலர்ந்த கொட்டகை

ஸ்பெயின் முழுவதும் ஒரே வானிலை இல்லை. வடக்கே அட்லாண்டிக் கரையோரப் பாஸ்க் பகுதியில் ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. தென்கிழக்கில் அல்மேரியாவில் சுமார் 200 மில்லிமீட்டர்தான். ஒரே நாளில் செய்த இரண்டு மோபெட்கள், ஒன்று வடக்கிலும் ஒன்று தெற்கிலும் நின்றிருந்தால், இன்று ஒன்றுபோல் இருக்காது. அந்தக் காலத்தில் மோபெட்டுக்கு எண் பலகை வழங்கியது உள்ளூர் நகராட்சிகள். சிறிய பழைய பலகை இன்னும் மாட்டியிருந்தால், வண்டி எந்த ஊரில் வாழ்ந்தது என்பதை அதுவே சொல்லிவிடும்.

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். இரும்பு அணு எலக்ட்ரான்களை இழக்கிறது. வேறோர் இடத்தில் ஆக்சிஜனும் நீரும் அவற்றை ஏற்கின்றன. இரண்டு இடங்களுக்கும் இடையே அயனிகள் நகர ஈரப்படலம் வேண்டும். அதில் உப்பு கரைந்திருந்தால் மின்னோட்டம் எளிதாகும், துருவும் வேகமாகும். ஆகவே மழையைவிடக் கடற்காற்று பொல்லாதது. வண்டிக்கு மேலே கூரை இருந்தால் மட்டும் போதாது; அந்தக் காற்று உள்ளே வராமல் இருந்ததா என்பதும் முக்கியம்.

வெளித்தோற்றத்தைப் பார்த்து இதை முடிவு செய்யாதீர்கள். பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறந்து, கைவிளக்கால் உள்ளே பாருங்கள். (தீக்குச்சியோ லைட்டரோ வேண்டவே வேண்டாம். பழைய தொட்டியில் மிச்சமிருக்கும் ஆவியே வெடிக்கப் போதும்.) வெளியே யார் வேண்டுமானாலும் வண்ணம் பூசலாம், உள்ளே பெரும்பாலும் யாரும் பூசுவதில்லை. பாதி நிரம்பிய தொட்டியில், இரவு குளிரும்போது காற்றிலுள்ள நீராவி உட்சுவரில் முத்து முத்தாகப் படியும். பகலில் சூடாகிக் காற்று வெளியேறும். இரவில் புதிய ஈரக் காற்று உள்ளே வரும். ஆண்டுக்கணக்கில் தொட்டி இப்படி மூச்சு விடுகிறது. ஆகவே தொட்டியின் உள்ளே, பெட்ரோல் மட்டத்துக்கு மேலே துருக் கோடு இருந்தால், எவ்வளவு பெட்ரோலோடு அது கைவிடப்பட்டது என்பதுகூடத் தெரிந்துவிடும்.

நுகர்ந்தும் பாருங்கள், தொலைவிலிருந்து. புதிய பெட்ரோலின் மணம் எல்லாருக்கும் தெரியும். பழைய பெட்ரோல் பழைய வார்னிஷ் போல மணக்கும். பெட்ரோல் பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. எளிதில் ஆவியாகும் இலேசான மூலக்கூறுகள் முதலில் பறந்துவிடுகின்றன. எஞ்சியவற்றில் இரட்டைப் பிணைப்பு உள்ளவை ஆக்சிஜனோடு மெதுவாக வினைபுரிந்து, ஒன்றோடொன்று இணைந்து பிசினாகின்றன. கார்புரேட்டரில் பெட்ரோல் தெளிக்கும் துளையின் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு சொட்டுப் பிசின் போதும் அதை அடைக்க. "போன வாரம்கூட ஓடியது" என்பவரின் கார்புரேட்டரில் காய்ந்த பிசின் இருந்தால், போன வாரம் அல்ல, போன பத்தாண்டு என்று எடுத்துக்கொள்ளலாம்.

டயரையும் மறக்க வேண்டாம். பால் மரத்தை அறிந்த நாட்டவர்கள் நாம். இயற்கை ரப்பரின் மூலக்கூறில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய இருப்பதும் தெரிந்திருக்க வேண்டும். காற்றில் மிகச் சிறிதளவே உள்ள ஓசோன் அந்தப் பிணைப்புகளை வெட்டிவிடும். ரப்பர் இழுபட்டிருக்கும் இடத்தில், இழுவைக்குக் குறுக்காக வெடிப்புகள் தோன்றும். காற்று இறங்கி ஒரே இடத்தில் மடங்கி நின்ற டயரில், மடிப்பில்தான் வெடிப்பு ஆழமாக இருக்கும். முன்டயரில் மடிப்பு வெடிப்பு ஒரே இடத்தில் இருந்தால் வண்டி நெடுங்காலம் நகரவே இல்லை. அத்தகைய டயரில் ஓட்டிப் பார்ப்பது ஆபத்து, எத்தனை அழகாகத் தெரிந்தாலும்.

நான்காம் கூற்று: வண்ணம் அசல்

குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள். மட்கார்டின் மீதும் தொட்டியின் மீதும் மெதுவாக நகர்த்துங்கள். வண்ணத்துக்குக் கீழே உடனே இரும்பு இருந்தால் காந்தம் நன்றாக ஒட்டும். நசுங்கலை நிரப்பி மேலே பூசியிருந்தால், அந்த இடத்தில் பிடி தளரும். காந்தவிசை தொலைவோடு வேகமாகக் குறைவதே காரணம். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நிரப்புப் பசையே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து, சூரிய ஒளி படாத இடங்களைத் தேடுங்கள். இருக்கையின் அடிப்பகுதி, சின்னத்தகட்டின் பின்புறம், கம்பியைப் பிடித்திருக்கும் பட்டையின் கீழே. புற ஊதாக் கதிர் வண்ணப்பொருளின் மூலக்கூறுகளைச் சிதைக்கும். எனவே ஐம்பது ஆண்டுக்கால அசல் வண்ணம் வெளியே வெளிறியும், மறைவிடத்தில் அடர்த்தியாகவும் இருக்க வேண்டும். எங்கும் ஒரே நிறமாக, திருகாணிகளின் தலையிலும் வண்ணம் படிந்திருந்தால், பின்னாளில் யாரோ தெளித்திருக்கிறார்கள். மறைவிடத்தில் வேறு நிறமே தெரிந்தால் ஐயமே இல்லை.

சரி, அசல் வண்ணம்தான் என்று உறுதியாகிவிட்டது. ஆனால் வெளிறியிருக்கிறது, ஆங்காங்கே துரு எட்டிப் பார்க்கிறது. புதிதாகப் பூசிவிடலாமா? சேகரிப்பவர்களிடையே ஓயாத வாதம் இது. பளபளப்பாக, ஆலையிலிருந்து அன்று வந்தது போல இருக்க வேண்டும் என்பார்கள் சிலர். இருக்கிறபடியே வை என்பார்கள் வேறு சிலர். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா, பாதுகாப்பதற்கே முன்னுரிமை தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமும், குறைந்தது 30 ஆண்டுப் பழமை உள்ள, தயாரிப்பு நின்றுபோன, அசல் நிலையில் பேணப்பட்டு முக்கிய பாகங்களின் தொழில்நுட்பத் தன்மை மாற்றப்படாத வாகனத்தையே வரலாற்று வாகனம் என்கிறது. 44 மில்லிமீட்டர் சிலிண்டரை மாட்டிய இளைஞரின் வண்டி இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

என் கருத்தைக் கேட்டால், நான் இரண்டாவது அணியில்தான் நிற்பேன். காரணம் உணர்ச்சி சார்ந்தது அல்ல. வண்ணம் பூசுவதை இன்னும் பத்து ஆண்டு கழித்தும் செய்யலாம். மணல் பீய்ச்சி உரித்துவிட்ட பழைய வண்ணத்தை யாராலும் திரும்ப ஒட்ட முடியாது. அந்த மெல்லிய படலத்தில், எய்பார் நிறுவனம் அக்காலத்தில் என்ன வண்ணப்பொருளைப் பயன்படுத்தியது, எத்தனை அடுக்கு பூசியது என்ற செய்தி இருக்கிறது. வண்டியின் முதலாளி எந்தப் பக்கம் காலைத் தூக்கி ஏறினார், பின்தாங்கியில் எதைக் கட்டி எடுத்துச் சென்றார் என்பதுகூடத் தேய்மானத்தில் தெரியும். ஆனால் எதையும் தொடாதே என்பதும் அறிவில்லாத பிடிவாதம். துரு தானாக நிற்காது. வினை நடந்துகொண்டே இருக்கும், கடைசியில் வண்ணத்தைத் தாங்கும் தகடே போய்விடும். பிரேக் கம்பியும் டயரும் உயிரோடு தொடர்புடையவை. அவற்றில் அசல் என்ற பேச்சுக்கே இடமில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும்.

நடுவழி ஒன்று உண்டு, அதற்கும் வேதியியல் உதவுகிறது. எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலத்தின் நீர்த்த கரைசல் துருவைக் கரைக்கும். சிட்ரேட் அயனி இரும்பு அயனியைச் சூழ்ந்து பிடித்து நீரில் கரையச் செய்கிறது. சேதமடையாத வண்ணத்தை அது அவ்வளவாகத் தாக்காது. ஆனாலும் முதலில் மறைவான ஒரு மூலையில் பூசிப் பார்க்க வேண்டும். நேரம் கடந்து ஊறவிட்டால் நல்ல இரும்பையும் கரைக்கத் தொடங்கும். முடிந்ததும் அமிலத்தைக் கழுவி, உடனே உலர்த்தி, மெழுகோ எண்ணெயோ பூச வேண்டும். ஈரத்தோடு விட்டால் சில மணி நேரத்திலேயே புதிய துரு படரும். நீரும் ஆக்சிஜனும் உலோகத்தைத் தொடாமல் தடுப்பதே மெழுகின் வேலை. தேவையென்றால் பிற்பாடு துடைத்தும் எடுத்துவிடலாம். அதுதான் இந்த முறையில் எனக்குப் பிடித்தது.

வண்டியை ஓட்டுவது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு வீச்சு இன்ஜினில், எரிந்த புகை வெளியேறும் அதே நேரத்தில் புதிய கலவை உள்ளே வருகிறது. அதில் ஒரு பகுதி எரியாமலே புகைக்குழாய் வழியாகத் தப்பிவிடும். கூடவே எண்ணெய்ப் புகை. பல நகரங்களில் காற்று மாசுக்கு இரண்டு வீச்சு ஸ்கூட்டர்களே பெரும் காரணம் என்று 2014இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் ஆய்விதழில் வெளியான கட்டுரை ஒன்று காட்டியது. இவ்வளவு சிறிய இன்ஜினா என்று வியக்க வேண்டாம். சிறிய இன்ஜினிலிருந்தும் எரியாத எரிபொருள் நிறையத் தப்பலாம். ஆண்டுக்கு ஓரிரு முறை அணிவகுப்பில் ஓடும் சேகரிப்பு வண்டி வேறு, தினமும் நகரத்தில் ஓடும் ஆயிரக்கணக்கான வண்டிகள் வேறு என்பது உண்மைதான். அந்த ஓரிரு முறையும் திறந்த வெளியில், மூடிய கொட்டகைக்குள் அல்லாமல், இன்ஜினை இயக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை.

ஓட்டி முடித்து வண்டியை மீண்டும் நிறுத்தி வைக்கும் முன், பெட்ரோல் குழாயின் அடைப்பானை மூடிவிட்டு, கார்புரேட்டரில் உள்ளது தீர்ந்து இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுவார்கள் அனுபவசாலிகள். பிறகு பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் சில சொட்டு எண்ணெய் விட்டு, பெடலை இரண்டு சுற்று சுற்றிவிட்டுப் பிளக்கை மாட்டுவார்கள். எதற்காக என்பது இப்போது உங்களுக்கே தெரியும்.